நான் பிடித்திருந்த கார் கதவு

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது எனக்கு இருபத்திரண்டு வயது. கம்பத்தில் வாழ்க்கைப்பட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. என் கணவர் ஏலக்காயும் மிளகும் வாங்கி விற்பவர். மலைக்கும் கம்பத்துக்குமாக பஸ்ஸிலும் மாட்டுவண்டியிலும் அலைந்துகொண்டிருந்தார். பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் துரை சீமைக்கே திரும்பிப் போகிறார், தன் பழைய காரை யாரிடமாவது தள்ளிவிடப் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டதும் அவருக்கு உட்கார இருப்புக்கொள்ளவில்லை. ஒரு வாரத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு கார் குமுளி மலைப்பாதையில் இறங்கி, லோயர் கேம்ப் தாண்டி, எங்கள் வாசலில் வந்து நின்றது.

என் கணவருக்கு ஏலக்காய் பேரத்துக்குப் போதுமான இங்கிலீஷ் உண்டு. வண்டியைக் கொடுக்கும்போது துரை இடப்பக்கத்துப் பின்கதவைத் தொட்டுக் காட்டி நீளமாக ஏதோ சொன்னாராம். அதில் ‘டோர்’, ‘வெரி’ என்ற இரண்டு சொற்கள் இவருக்குப் பிடிபட்டன. மீதியை இவரே நிரப்பிக்கொண்டார்.

“கதவு ரொம்ப ஒசத்தியாம். தொர அதத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாக,” என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

காரோடு டிரைவரும் வந்திருந்தார். துரையிடம் வேலை பார்த்தவர், குமுளிக்காரர், பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். துரை உண்மையில் என்ன சொன்னார் என்பது அவருக்குத் தெரியும். வெகுநாள் கழித்து அதைப் பற்றிக் கேட்டபோது, “மொதலாளி எங்கிட்ட கேக்கலயே,” என்றார்.

அந்தக் காலத்துக் கார்கள் சிலவற்றில் பின்கதவுக்குக் கீல் பின்பக்கம் இருக்கும். கதவு முன்பக்கமாகத் திறக்கும். பூட்டின் நாக்கு சரியாக விழாவிட்டால் ஓடும்போது எதிர்காற்று கதவின் விளிம்பில் புகுந்து அப்படியே பின்னால் பிடுங்கிக்கொண்டு போய்விடும். எங்களுக்கு இது தெரியவந்தது வீரபாண்டித் திருவிழாவுக்குப் போன வழியில். முன்னால் டிரைவரும் என் கணவரும். பின்னால் இடப்பக்கம் என் மாமியார், வலப்பக்கம் நான். உத்தமபாளையம் தாண்டி ஒரு வளைவு. பெரிய சத்தத்தோடு கதவு விரிந்து பின்னால் போய் மோதியது. மாமியாரின் வெற்றிலைப் பெட்டி பறந்து வாய்க்காலில் விழுந்தது. அவரும் பின்னாலேயே போயிருப்பார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்த இழுப்பில் அவர் என் மடியில் வந்து விழுந்தார்.

டிரைவர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து, கதவை ஆராய்ந்தார். “சாரமில்லம்மா,” என்றார். பரவாயில்லை என்பதற்கு அவர்கள் பக்கத்துச் சொல் அது.

“சாரம் இருக்கா இல்லையான்னு நான் செத்த பொறகு சொல்லுய்யா,” என்றார் மாமியார். பிறகு என்னைப் பார்த்தார். “நீ இங்கிட்டு வா. சின்னப் புள்ள, கையில வலு இருக்கு. கதவப் புடிச்சுக்க.”

அப்படி எனக்கு அந்த உத்தியோகம் வந்து சேர்ந்தது. அன்று பிடித்த கதவை ஒரு வருஷத்துக்கு மேல் விடவில்லை.

எங்கே போனாலும் நான் இடப்பக்கம். கதவின் உள்புறம் ஒரு தோல்வார் இருந்தது. அதை இடது கையில் சுற்றிக்கொண்டு, முழங்கையை ஜன்னல் விளிம்பில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் சாய்த்து உட்கார வேண்டும். சின்னமனூர் போவதற்குள் தோள்பட்டை மரத்துவிடும். தேனி போவதற்குள் விரல்கள் நிறம் மாறிவிடும். கோயிலுக்குப் போய் இறங்கினால் கும்பிடுவதற்கு அந்தக் கை எழாது. ஆனால் தெருவில் நின்று பார்ப்பவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. “கார்ல கைய வச்சுக்கிட்டுத் தொரைசாணி கணக்காப் போறா” என்று எங்கள் தெருவில் பேச்சு. என் சொந்த அக்காவே ஒருநாள் கேட்டாள், “அப்படிச் சாஞ்சுதான் ஒக்காரணுமாக்கும்? நேரா ஒக்காந்தா கொறஞ்சா போயிரும்?”

கை வலிக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை. கண் பட்டுவிடக் கூடாது என்று மறைத்துப் பேசுகிறேன் என நினைத்துக்கொண்டாள்.

ஒரு பொருளைத் தினமும் கையில் பிடித்துக்கொண்டிருந்தால் அதன் குணம் தெரிந்துவிடும். சும்மா இழுத்துச் சாத்தினால் அந்தக் கதவு ‘தொப்’பென்று சொல்லும். அந்தச் சத்தத்தை நம்பக் கூடாது. வாரைப் பிடித்து ஒரு விரல்கடை மேலே தூக்கிச் சாத்தினால் ‘டக்’கென்று சொல்லும். அப்போது பூட்டு விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதுவும் அடுத்த பள்ளம் வரைக்கும்தான். பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் கதவு தன் பாரத்திலேயே தொங்கும், நாக்கு நழுவும், எதிர்காற்று வந்துவிடும். ஆக, பூட்டு தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்தது. கதவுதான் அதன் இடத்தில் நிற்கவில்லை.

இதை என் கணவரிடம் சொன்னேன். “பூட்டுல கோளாறு இல்லீங்க. கதவு தொங்குது. தூக்கிச் சாத்துனா நல்லா விழுகுது.”

“இரும்புக் கதவு எப்படித் தொங்கும்?” என்றார். “பூட்டுதான் வெளையாடுது. ஆளக் கூட்டியாந்து பாத்துருவோம்.”

முதலில் தேனி பஜாரிலிருந்து ஒருவர் வந்தார். டிரங்குப் பெட்டி, இரும்பு அலமாரி ஆகியவற்றின் பூட்டுகளைச் சரிபார்ப்பவர். கார்ப் பூட்டைக் கழற்றி, ஒரு துண்டை விரித்து, அதன் குடல்களையெல்லாம் வரிசையாக எடுத்து வைத்தார். துடைத்தார். எண்ணெய் விட்டார். திரும்ப மாட்டிக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டு, “பூட்டுக்கு ஒண்ணுமில்ல மொதலாளி,” என்றார்.

அந்த ஒரு வருஷத்தில் பூட்டைப் பற்றி ஓர் ஆண் சொன்ன முதல் உண்மை அது. என் கணவருக்குப் பிடிக்கவில்லை.

“ஒண்ணுமில்லேன்னு சொல்றதுக்கா தேனியிலருந்து வந்தீக?”

அவர் பாவம், கொஞ்சம் யோசித்தார். வந்ததற்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. “ஸ்பிரிங்கு லேசா தளந்திருக்கு,” என்று சொல்லி, பையிலிருந்த ஒன்றை எடுத்துப் போட்டார். என் கணவருக்குத் திருப்தி. அதற்குப் பிறகு கைப்பிடியைத் திருக இரண்டு கையும் வேண்டியிருந்தது. கதவு மட்டும் முன்பு போலவே ஒரு தயக்கமும் இல்லாமல் திறந்துகொண்டது.

அடுத்து மதுரையிலிருந்து காக்கி அரைக்கால் சட்டை போட்ட ஒரு மெக்கானிக். பழைய பூட்டை ஓரமாகத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுப் பூட்டு ஒன்றை மாட்டினார். நல்ல பலசாலி. சமதரையில் நின்ற வண்டியின் கதவைப் பத்துத் தடவை சாத்திக் காட்டினார். பத்துத் தடவையும் தன்னை அறியாமல் தூக்கித்தான் சாத்தினார். பத்துத் தடவையும் ‘டக்’.

“புதுப் பூட்டு. கொஞ்சநாள் பழகணும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் வழியில் வந்த முதல் பாலத்திலேயே கதவு திறந்துகொண்டது. நான் வாரை விடாமல் பிடித்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. “பாத்தியா, நிக்குது!” என்றார் என் கணவர், முன்சீட்டிலிருந்து திரும்பாமலே. நான் பல்லைக் கடித்துக்கொண்டு “ம்” என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கோம்பைச் சம்பவம்.

கோம்பையில் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத் திறப்பு. மதுரையிலிருந்து ஒரு பெரிய மனிதர் வருகிறார். கதர்ச் சட்டை, வெள்ளை மீசை, சொன்னால் நாலு பேர் கேட்கிற இடத்தில் இருப்பவர். அவரைத் தேனியிலிருந்து கோம்பைக்கு அழைத்துவரும் பொறுப்பை என் கணவர் தானாக வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கத்தில் சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான். இவருக்கு ஊரில் ஒரு பதவி மேல் கண் இருந்தது. அந்தப் பெரிய மனிதர் ஒரு வார்த்தை சொன்னால் கிடைத்துவிடும்.

சிக்கல் ஒன்றுதான். அவர் பக்கத்தில் உட்கார்ந்து கதவைப் பிடித்துக்கொள்ள என்னைக் கூட்டிப்போக முடியாது. மாமியாரையும் என்னையும் மாட்டுவண்டியில் முன்னாலேயே கோம்பைக்கு அனுப்பிவிட்டார். ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்க வேண்டுமாம். வழி நெடுக வண்டி ஆடியது, வெயில் அடித்தது, மாடுகள் இஷ்டப்பட்ட இடத்தில் நின்றன. எனக்கு அந்தப் பயணம் சொர்க்கமாக இருந்தது. தூங்கிக்கூடப் போனேன்.

கோம்பையில் மேளம் தயாராக நின்றது. மாலையோடு ஊர்ப் பெரியவர்கள் நின்றார்கள். கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு வந்து, இடப்பக்கம் எங்களைப் பார்க்கும்படி, சரியாக நின்றது. அப்போதுதான் பார்த்தேன். பின்கதவின் கைப்பிடியிலிருந்து முன்கதவின் கைப்பிடிக்கு ஒரு கயிற்றுக் கட்டு. தேங்காய் நார்க் கயிறு. டிரைவரின் யோசனையாம்.

பெரிய மனிதர் உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினார். கதவு இரண்டு விரல் அகலம் திறந்து நின்றது. இன்னொரு முறை தள்ளினார். அவ்வளவுதான். அந்த இடுக்கு வழியாக அவர் எங்களையும் நாங்கள் அவரையும் பார்த்துக்கொண்டோம். மேளக்காரர்கள் நிறுத்துவதா வாசிப்பதா என்று தெரியாமல் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். டிரைவர் ஓடிவந்து முடிச்சில் நகத்தை வைத்தார். மேடு பள்ளத்தில் இழுபட்டு முடிச்சு கல்லாகியிருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தார். முன்கதவும் அதே கயிற்றில் மாட்டிக்கொண்டதால் என் கணவராலும் இறங்க முடியவில்லை. அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, “அறுய்யா, அறு!” என்றார். அறுப்பதற்கு அங்கே யாரிடமும் கத்தி இல்லை.

கடைசியில் பெரிய மனிதர் தானே முடிவு செய்து, சீட்டில் நகர்ந்து நகர்ந்து வலப்பக்கக் கதவு வழியாக இறங்கினார். அந்தப் பக்கம் ஒரு புளியமரம். மரத்தடியில் ஒரு கோம்பை நாய் கட்டிக் கிடந்தது. வேட்டை நாய், முன்பின் தெரியாத யாரையும் அது ஏற்றுக்கொள்வதில்லை. மாலைக்காரர்கள் காரைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள். முதலில் போய்ச் சேர்ந்த வரவேற்பு நாயுடையதுதான்.

மனிதர் நல்லவர். கோபப்படவில்லை. மேடையில் பேசும்போது, “இந்த ஊர்க்காரங்க அன்பானவங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். ஆனா என்னைக் கட்டியே கொண்டுவருவீங்கன்னு நினைக்கலை,” என்றார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது என் கணவர்தான். அன்றைக்கும் அடுத்த நாளும் அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் ஒரு முடிவுக்கு வந்தார். இந்த நாட்டுப் பூட்டு எதுவும் அந்தக் கதவுக்கு ஒத்துவராது. கார் செய்த கம்பெனிக்கே எழுதிப்போட்டு அசல் பூட்டை வரவழைக்க வேண்டும். ஹைஸ்கூல் வாத்தியார் ஒருவரைப் பிடித்து இங்கிலீஷில் கடிதம் எழுதிச் சீமைக்கு அனுப்பினார். பிறகு காரின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் பஸ் ஏறி மலைக்குக் கொள்முதலுக்குப் போய்விட்டார். திரும்பி வரப் பத்து நாளாகும்.

அவர் போன மறுநாள் ராயப்பன்பட்டியிலிருந்து ஓர் ஆசாரி வந்தார். எங்கள் சாமான் அறைக் கதவு தரையில் உரசியது. அதைச் சரிபண்ணச் சொல்லியிருந்தோம். அவர் கதவின் கீழே கால் பெருவிரலைக் கொடுத்து லேசாகத் தூக்கினார், மேலே கீலைப் பார்த்தார், “மரம் உளுத்துருச்சு தாயி. ஸ்க்ரூ புடிக்கல. அதான் கதவு தொங்குது,” என்றார். தாழ்ப்பாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் அவரை நேராகக் கார் நின்ற கொட்டகைக்கு அழைத்துப்போனேன்.

“எனக்குக் காரெல்லாம் தெரியாதே தாயி.”

“கதவு தெரியும்ல?”

அவர் காரை ஒருமுறை சுற்றி வந்தார். பிறகு அதே மாதிரிக் கால் பெருவிரலைக் கார்க் கதவின் அடியில் கொடுத்துத் தூக்கினார். கதவு மேலே வந்தது. விட்டார். இறங்கியது. என் முகத்தைப் பார்த்தார். ஒரு வருஷமாக என் கைக்கு மட்டும் தெரிந்திருந்த விஷயம் அவருடைய கால்விரலுக்கும் தெரிந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது. கார்க் கதவுக்காக யாராவது அழுவார்களா?

மாமியாரிடம் உத்தரவு கேட்டேன். மறுப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, “அவன் மலையிலருந்து வர்றதுக்குள்ள முடிச்சிருவாகளா?” என்று மட்டும் கேட்டார்.

டிரைவர் கதவின் உள்ளுறையைக் கழற்றினார். தோலுக்கு அடியில் அட்டை. கீல் மாட்டியிருந்த தூணை மூடிய தகரத்தை நெம்பினால் உள்ளே மரம்.

“அட, இரும்பு வண்டின்னுல்ல நெனச்சேன்,” என்றார் ஆசாரி. “மேல போட்ட சட்டைதான் இரும்பு. உள்ள பூரா நம்ம வேல.”

கீல் உட்கார்ந்திருந்த இடத்தில் அந்த மரம், மலையில் எத்தனையோ வருஷ மழையைக் குடித்து, நனைந்த வறட்டி மாதிரி ஆகியிருந்தது. ஸ்க்ரூக்களை அவர் விரலாலேயே உருவினார். உளுத்த பகுதியைச் செதுக்கி எடுத்துவிட்டு, பழைய தேக்குத் துண்டு ஒன்றை அளவாக இழைத்து அதில் இறக்கி, பசை போட்டு இறுக்கினார். பசை காய ஒருநாள் விட்டார். மறுநாள் கீலை மாட்ட வேண்டும். எந்த உயரத்தில் மாட்டுவது என்பதுதான் கேள்வி.

“கதவ எம்புட்டுத் தூக்கணும்னு தெரியலயே,” என்றார்.

“நான் புடிக்கிறேன்,” என்றேன்.

வாரைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன் என்றுகூட ஞாபகம். “இன்னும் ஒரு நூல் மேல... இல்ல, எறக்குங்க... இங்கன. இங்கனதான் விழும்.” அவர் பென்சிலால் கோடு போட்டார். ஸ்க்ரூ இறங்கியது. சாத்தினோம். ‘டக்’. தூக்காமல் சாத்தினோம். ‘டக்’. சுண்டுவிரலால் தள்ளினேன். அப்போதும் ‘டக்’.

“நல்லது,” என்றார் டிரைவர். அவர் முதன்முதலாக ‘சாரமில்ல’ என்று சொல்லாத நாள் அது.

கூடலூர்ப் பக்கம் ரோடு மோசம் என்பதால் அங்கே ஓட்டிப் பார்த்தோம். ஆசாரியை முன்னால் உட்காரச் சொன்னோம். அவர் காரில் ஏறுவது அதுதான் முதல் தடவை. அவர் தன் பக்கத்துக் கதவை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டே வந்தார். நான் பின்னால் வாரைத் தொடாமல் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் கை தானாக அங்கே போனது. கதவு அசையவில்லை.

பத்தாம் நாள் என் கணவர் வந்தார். வீரபாண்டிவரை ஒரு சோலியாகப் போனோம். போகும்போதும் வரும்போதும் கதவு திறக்கவில்லை. வீட்டில் இறங்கிக் கதவைத் தட்டிக் கொடுத்தார். “பழகணும்னு மெக்கானிக் சொன்னான்ல. பழகிருச்சு பாத்தியா.”

“ராயப்பன்பட்டி ஆசாரிதான் சரிபண்ணாரு. கீல் இருந்த மரம் உளுத்துப்போயிருந்துச்சு,” என்றேன்.

அவர் சிரித்தார். “ஆசாரி பலகையத்தானே மாத்துனாரு? அது நல்லதுதான். ஆனா பூட்டு பூட்டுதான்.”

எனக்கு வந்த கோபத்தில் அன்று ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டேன். வேண்டுமென்றே மறந்தேன் என்று மாமியார் சொல்வார்.

பல மாதம் கழித்து, நாங்கள் எல்லோரும் மறந்திருந்தபோது, சீமைப் பூட்டு வந்தது. வைக்கோல் திணித்த மரப்பெட்டி, மெழுகுத் தாள், அதற்குள் பளபளவென்று பூட்டு. ஒழுங்காக இருந்த மதுரைப் பூட்டைக் கழற்றிவிட்டு அதை மாட்டினார்கள். அன்றிலிருந்து வீட்டுக்கு யார் வந்தாலும் காப்பிக்கு முன் கொட்டகை. “சாத்திப் பாருங்க. லண்டன் பூட்டு. இந்த ஊர்ல எத்தன பேரு கைய வச்சாக, முடியல.” வந்தவர்கள் சாத்தினார்கள். ‘டக்’. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். கடைசியில், மாட்டுத் தொழுவத்துக்கு உத்தரம் மாற்ற வந்த ராயப்பன்பட்டி ஆசாரியையும் கூட்டிப்போய்க் காட்டினார். நான் காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்றேன்.

ஆசாரி கதவை மெதுவாகத் திறந்தார், மெதுவாகச் சாத்தினார். இன்னொரு முறை சாத்தினார். கீல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “நல்ல பூட்டு மொதலாளி. அசையாம நிக்குது,” என்றார்.

என்னைப் பார்க்காமலேதான் சொன்னார். பார்த்திருந்தால் இரண்டு பேருமே சிரித்திருப்போம்.

மாமியார் ஒரு மாறுதல் செய்தார். இனிமேல் இடப்பக்கம்தான் உட்காருவேன் என்று சொல்லிவிட்டார். லண்டன் பூட்டு இருக்கிற பக்கம்தான் பத்திரமாம்.

யுத்தம் வந்தது. பெட்ரோலுக்குச் சீட்டு, டயர் கிடைக்காது என்ற நிலை. கார் பெரும்பாலும் கொட்டகையிலேயே நின்றது. ஒருநாள் தேனியிலிருந்து ஒரு வியாபாரி அதை வாங்க வந்தார். இஞ்சினைத் திறந்து பார்த்தார். டயர்களை உதைத்துப் பார்த்தார். அடியில் படுத்துப் பார்த்தார். பின்கதவுப் பக்கம் மட்டும் அவர் வரவேயில்லை. என் கணவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே கதவைத் திறந்து சாத்திக் காட்டினார்.

“இந்தக் கதவச் சாத்திப் பாருங்க. லண்டன் பூட்டு.”

“அது எதுக்குங்க எனக்கு?” என்றார் அந்த வியாபாரி. “பின்பக்கத்தப் பூராவும் வெட்டி எடுத்துட்டு, பலகை அடிச்சு, சாமான் ஏத்தப்போறேன். இஞ்சின் ஓடுதா, அதச் சொல்லுங்க.”

என் கணவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.

“ஓடும்,” என்றார்.